நுவரெலியாவின் பசும்புல் திடல்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை, கடுகண்ணாவை மலைவாயிலைக் கடந்து, நாவலப்பிட்டி, ஹற்றன், தலவாக்கலை என ஏறி ஏறி நானுஓயாவை வந்தடைகிறது. அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தூரம் வளைந்து செல்லும் தெருவில் மேலும் ஏறினால் நுவரெலியா. வழிநெடுகச் சரிவையும் பள்ளத்தையுமே கண்டு வந்த பயணிக்கு அந்நகரில் முதலில் வியப்பூட்டுவது மலை அன்று. மலைகளுக்கு நடுவே கிடக்கும் சமநிலமே. கடல் மட்டத்துக்கு மேல் 6,100 அடிக்கு அதிகமான உயரத்தில், தட்டில் வைத்தாற்போல் ஒரு வெளி. அதன் வடபால் இலங்கையின் அதியுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 8,281 அடிக்கு எழுந்து நிற்கிறது. மலையின் நிழலில், கடைத்தெருவுக்கு மிக அண்மையில், மரங்கள் சூழ விரிந்து கிடப்பது நுவரெலியாக் கொல்ப் கழகத்தின் திடல். 1889ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம் நூற்றாண்டு விழாவையும் கடந்து நிலைத்திருக்கிறது.

தெருவோரம் நின்று அதனை நோக்குவோர், இயற்கையன்னை விரித்த பச்சைக் கம்பளம் என்று புகழ்ந்துவிட்டுச் செல்வர். பயணிகளுக்கென எழுதப்படும் கைந்நூல்களும் அவ்வாறே புகழும். கம்பளம் என்பது மெய்யே. அதனை விரித்தது இயற்கை என்பதுதான் மெய்யன்று. அங்குள்ள மரங்களிற் பலவும், புல்லும், புல்லின் உயரமும், ஓடையின் கரையும் மனிதரால் தெரிந்தெடுக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்தவை. அப்புல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு சென்றால் ஸ்கொத்லாந்தின் கடற்கரைக்குப் போகலாம். மறுநுனியைப் பற்றிச் சென்றால் திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், சேலம் ஆகிய மாவட்டங்களின் வரண்ட கிராமங்களுக்குப் போகலாம்.

கொல்ப் ஆட்டத்தை அறியாத நேயர்களும் உளர். ஆதலால் அதனை ஓரிரு சொற்களில் விளக்குதல் தகும். சிறிய கெட்டிப் பந்து ஒன்றை வளைந்த தலையுடைய தடியால் அடித்து, நூற்றுக்கணக்கான யார் தொலைவிலுள்ள ஒரு குழிக்குள் விழுத்த வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலமே. ஒரு குழி முடிந்தால் அடுத்ததற்கு நடக்க வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். எவர் மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வென்றவர். எண்ணிக்கை கூடக்கூடத் தோல்வி நெருங்கும் ஆட்டங்கள் உலகில் அதிகமில்லை. எதிராளி பந்தைத் தடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை, நிலமே எதிராளி.

இவ்வாட்டம் ஸ்கொத்லாந்தில் வளர்ந்தது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதனை விலக்கி ஒரு சட்டமே இயற்றியது. இளைஞர் வில்வித்தையை மறந்து பந்தடிக்கச் சென்றமையே காரணம். சட்டம் மறக்கப்பட்டது, ஆட்டம் நிலைத்தது. சென்ற் அன்றூஸ் என்னும் கடற்கரை ஊரில் 1764ஆம் ஆண்டில் இருபத்திரண்டு குழிகளாக இருந்த சுற்றைப் பதினெட்டாகக் குறைத்தனர். அவ்வூர் வழக்கமே பின்னர் உலக வழக்காயிற்று. அங்கே ஆடப்பட்ட நிலம் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான மேட்டுநிலம். பயிர் விளையாது, மரம் வளராது, ஆடுகள் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருக்கும். ஆட்டத்துக்கு வேண்டிய திடலை ஆடுகளும் கடற்காற்றும் கூலியின்றி ஆக்கிக் கொடுத்தன.

உள்நாட்டிலோ நிலைமை வேறு. கொழுத்த மண்ணில் புல் இடுப்பளவு வளரும். அரிவாளால் அறுத்தால் ஒரு சீராக வராது. 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், நெசவாலையில் கம்பளித் துணியின் மேற்பஞ்சைச் சீவும் பொறியைக் கண்டு, அதே முறையில் புல் வெட்டும் பொறி ஒன்றை அமைத்தார். துணியைச் சீவிய கத்தி தரையைச் சீவத் தொடங்கியது. அதன் பின்னரே, செல்வரின் மாளிகைத் தோட்டம் போன்று மரங்களும் புல்வழிகளும் ஓடைகளும் கலந்த உள்நாட்டுத் திடல்கள் பெருகின. இதனையே 'பாக்லண்ட்' வகைத் திடல் என்பர். நுவரெலியாத் திடல் அவ்வகையைச் சேர்ந்தது. கடற்கரைத் திடல் இயற்கைக்குக் கடன்பட்டது என்றால், சோலைத்திடல் நாள்தோறும் வேலைசெய்யும் கைகளுக்குக் கடன்பட்டது. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டே நுவரெலியாவின் கதைக்குள் நுழைய வேண்டும்.

அக்கதை வெள்ளையரின் நூல்களில் ஒரு 'கண்டுபிடிப்போடு' தொடங்குகிறது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர் இவ்வுயர்நிலத்தைக் கண்டு, 1821இல் இலங்கையின் உட்பகுதி பற்றித் தாம் வெளியிட்ட நூலில் அதனை வருணித்தார். இவர் புகழ்பெற்ற இரசாயன விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பியார். ஆனால் ஒரு பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்ட இடத்தை ஒருவர் எவ்வாறு கண்டுபிடிப்பது? 'நுவர' என்பது நகரையும் 'எலிய' என்பது வெளியையோ ஒளியையோ குறிக்கும் சிங்களச் சொற்கள். போர்த்துக்கேயர் படையெடுத்த நாட்களில் கண்டியரசர் குடும்பம் இங்கு ஒதுங்கியிருந்தது என்பது மரபு. நகருக்குச் சில மைல் தொலைவில் ஹக்கலைக்குச் செல்லும் வழியிலுள்ள சீதா எலியவை இராமாயணத்தோடு சேர்த்துப் பேசுவது மக்கள் வழக்கு. பின்னாளில் அங்கு குடியேறிய ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கரே, பழைய நீர்க்கால்களையும் மாணிக்கம் தோண்டிய குழிகளையும் கண்டு, முன்னொரு காலத்தில் இங்கு மனித நடமாட்டம் மிகுந்திருந்தது என்று தம் நூலில் எழுதினார்.

அக்காலத்தில் இவ்வெளி 'பத்தனை' எனப்படும் மலைப்புல் நிலம். தாழ்வான இடங்களில் சதுப்பு. விளிம்பில், பாசி போர்த்த குட்டை மரங்கள் நெருங்கிய குளிர்காடு. அதில் யானையும் மரையும் சிறுத்தையும் திரிந்தன. 1820களில் தேசாதிபதியாக விளங்கிய எட்வேட் பார்ன்ஸ், கொழும்புக்கும் கண்டிக்கும் தெருவமைத்தவர், இங்கு தமக்கென ஒரு மாளிகை கட்டுவித்தார். இன்று திடலின் அருகே நிற்கும் கிறாண்ட் ஹொட்டேல் அம்மாளிகையிலிருந்து வளர்ந்ததே. காய்ச்சலால் நலிந்த படையினர் உடல் தேறும் இடமாகவும் நுவரெலியா ஆக்கப்பட்டது. தாழ்நிலத்து வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயனுக்கு இங்கு நிலவிய குளிர் மருந்தாக மட்டுமன்றித் தாய்நாட்டின் நினைவாகவும் இருந்தது. அந்நினைவே பின்னர் நடந்த அனைத்துக்கும் வித்து.

சாமுவேல் பேக்கர் அந்நினைவை முழுமையாக நனவாக்க முயன்றவர். 1848ஆம் ஆண்டில் குடும்பத்தாரையும் வேலையாட்களையும் மட்டுமன்றி, இங்கிலாந்தின் பசுக்களையும் ஆடுகளையும் வேட்டை நாய்களையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மலையின்மேல் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்ட எண்ணினார். கலப்பை இழுக்க யானையைப் பழக்கினார். ஆனால் கொழுமை போலத் தோன்றிய பத்தனை மண் சத்தற்றதாக இருந்தது. கால்நடைகளை நோய் கொண்டுபோயிற்று. உருளைக்கிழங்கைப் புழு அரித்தது. எஞ்சியதைப் பன்றியும் மரையும் தின்றன. 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். நைல் நதியின் ஊற்றுநிலங்களைத் தேடிச் சென்று, அல்பேட் ஏரியைக் கண்டு புகழடைந்தது அதன் பின்னரே. அவர் நாட்டிய கிராமம் நிலைக்கவில்லை என்றாலும், நுவரெலியாவை இங்கிலாந்தாக்கலாம் என்னும் ஆசை நிலைத்தது. அடுத்துவந்தோர் சைப்பிரசும் யூக்கலிப்டசும் நட்டனர். செங்கல் வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்தனர். தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்தில், 1870களில், சதுப்பு நிலத்தை மறித்து ஓர் ஏரி அமைத்தனர். குதிரைப் பந்தயத் திடலும் அப்பத்தாண்டிலேயே தோன்றியது. 1876இல் தோட்டத் துரைமார் கூடுவதற்கு மலைக் கழகம் ஒன்று எழுந்தது.

இனி, திடலின் ஓரத்திலுள்ள பழைய ஆங்கிலச் சுடலைக்குச் செல்வோம். பாசிபடிந்த கற்களுக்கிடையே, பயணிகள் தேடிச்சென்று பார்க்கும் கல் ஒன்று உண்டு. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பாரின் கல்லறை. இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த இவர், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் கடமையாற்றியவர். ஆயினும் உலகம் அவரை நினைப்பது அப்பதவிகளுக்காக அன்று. தம் வாழ்நாளில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று அக்கால எழுத்தாளர் கூறுவர். கொன்றவற்றுள் தந்தமுடையவற்றின் தந்தத்தை விற்றே படையில் தம் பதவி உயர்வுகளை விலைக்கு வாங்கினார் என்பதும் செவிவழிச் செய்தி. அந்நாளில் பிரித்தானியப் படையில் பதவி விலைக்குக் கிடைத்தது.

1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள், ஊவா மலைத்தொடரிலுள்ள அப்புத்தளையில் தங்கியிருந்தபோது, மின்னல் தாக்கி ரோஜர்ஸ் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. உடல் நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் கல்லறையின் மீதும் பின்னர் இடி விழுந்து கல் பிளந்தது என்று ஊரார் கூறுவர். யானைகளின் சாபம் என்று சொல்லும் கிழவர்களும் உண்டு. உயர்ந்த வெளியில் இடி அடிக்கடி விழும் என்பதற்குச் சாபம் தேவையில்லை. ஆனால் கதை சொல்பவர்கள் வேண்டுவது காரணத்தையன்று, நீதியை. பதுளையில் அவருடைய நண்பர்கள் எல்லா வகுப்பாரும் கூடி, அவர் நினைவாகச் சென்ற் மாக் ஆலயத்தை எழுப்பினர். ஆகவே அவர் வெறுங் கொடியவர் அல்லர். கீழிருந்தோரிடமும் நன்மதிப்புப் பெற்ற அதிகாரியே. யானைகளைக் கொல்வது அன்று குற்றமும் அன்று. அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது என எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்திருக்கிறார். காட்டை வெட்டித் தோட்டமாக்கும் வேலைக்கு யானை இடையூறாக இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியார் உரிமை நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. அந்நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் அளவில் விலைபோன காலம் அது. நிலத்தை வாங்கியவர் காகிதத்தில் வாங்கினார். யானையோ காகிதத்தைப் பாராது அதே வழியில் நடந்தது.

காடு வெட்டப்பட்டது கோப்பிக்காக. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1820களிலிருந்தே தமிழ்நாட்டு மக்கள் கங்காணிமாரின் பின்னே வரலாயினர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். நீரின்மையாலும் கொள்ளை நோயாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். தப்பி வந்து சேர்ந்தோர் மாத்தளையில் நின்று கும்பிட்ட இடத்திலேயே முத்துமாரியம்மன் கோவில் எழுந்தது என்பது மலையக மரபு. நுவரெலியாச் சுடலையில் ரோஜர்சின் கல்லைப் பார்ப்பவர் மனத்தில் அக்காட்டுப்பாதை தோன்றாமற் போகுமாயின், அவர் பார்த்தது அரைப்பார்வையே. அப்பாதையில் வீழ்ந்தவர்க்குக் கல்லும் இல்லை. மாதமும் நாளும் வயதும் எழுதியவரும் இல்லை. இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்த நடைபயணமே, அவர்களுக்காகப் பலரும் கூடி அப்பாதையில் செய்த பெரிய நினைவுகூரல்.

கோப்பித் தொழில் பருவகாலத் தொழில். பழம் பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவோரே பெரும்பாலார். தோட்டத் துரையும் நிலையற்றவரே. விரைவில் பொருள் சேர்த்துக் கப்பலேறுவதே பலரது நோக்கம். 1869இல் கோப்பி இலையில் ஒரு செம்பூஞ்சண நோய் காணப்பட்டது. அதன் விஞ்ஞானப் பெயர் நாவில் நுழையாமையால் துரைமார் அதற்குப் 'பேரழிவு எமிலி' என்று பகிடியாகப் பெயரிட்டனர். பகிடி அதிக காலம் நீடிக்கவில்லை. தோட்டங்கள் சரிந்தன, 1884இல் ஓரியன்ரல் வங்கியும் விழுந்தது. கோப்பிக்குப் பதிலாகச் சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர். இறுதியில் கைகொடுத்தது தேயிலை. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் பயிரிடத் தொடங்கியது அது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தலே. 1890களின் தொடக்கத்தில் தேயிலை நிலம் இரண்டு இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் கொல்ப் திடலின் கதை உண்மையில் தொடங்குகிறது. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்க்கும் செடி. ஏழெட்டு நாளுக்கொருமுறை கொழுந்து பறித்தே ஆக வேண்டும்; கவ்வாத்தும் களையெடுப்பும் தொழிற்சாலை வேலையும் ஓயமாட்டா. ஆகவே ஆள் போய்வர இயலாது; ஆள் தங்க வேண்டும். குடும்பம் குடும்பமாகத் தங்குவதற்கு லயன்கள் நீண்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்று ஒரு குடும்பத்தின் வீடாயிற்று. அதே காரணத்தால் துரையும் தங்க வேண்டியவரானார். அவருக்கு மனைவி வந்தார், பங்களா வந்தது, பூந்தோட்டம் வந்தது, ஞாயிற்றுக்கிழமையின் வெறுமையும் வந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. கொழும்பிலிருந்து பல நாட் பயணமாக இருந்தது ஒரு நாட் பயணமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1889இல், கொல்ப் கழகம் தோன்றியது. ஸ்கொத்லாந்தின் கோடன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரே திடலை முதலில் வகுத்தார் என்பர். தோட்டத் துரைமாருள்ளும் ஸ்கொத்லாந்தியர் மிகப் பலர், ரெயிலரும் அந்நாட்டவரே. லயனும் திடலும் ஒரே தேயிலை விதையிலிருந்து முளைத்த இரு முளைகள். இவற்றைத் தனித்தனிக் கதைகளாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒன்று சுற்றுலாக் கதை, மற்றது தொழிலாளர் கதை. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒரே கதை.

பிரித்தானியப் பேரரசு சென்ற இடமெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. கல்கத்தாவில் 1829இலேயே கழகம் அமைந்துவிட்டது. கொழும்பில் 1880ஆம் ஆண்டளவில் காலிமுகத்திடலில் ஆட்டம் தொடங்கியது. அக்காலத்துப் பந்தே பேரரசின் ஒரு சிறு உருண்டை எனலாம். மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலை இறுக்கிச் செய்யப்பட்ட பந்து அது. மலாயாவின் மரப்பாலை ஸ்கொத்லாந்தின் தடியால் இலங்கை மலையில் அடித்தனர். தடிகளைச் சுமந்தவன் தமிழ்ச் சிறுவனாகவோ சிங்களச் சிறுவனாகவோ இருந்தான். தடி சுமப்பவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் செவிக்குக் 'கேடி' என்று ஒலிக்கும். பொலிஸ் நிலையத்தில் அச்சொல்லுக்குள்ள பொருள் திடலில் இல்லை. மாறாக, நல்லாசான் என்று சொன்னாலும் பொருந்தும்.

இன்று திடலைக் காணச் செல்லும் பயணி, முன்பே சொல்லி, உரிய கட்டணத்தைச் செலுத்தினால் ஆடவும் கூடும். கழக மண்டபத்தின் மரப்பலகைகளையும் பழைய நாற்காலிகளையும் பார்த்து மகிழ்வோர் பலர். அவற்றைக் காட்டிலும் உற்று நோக்கத் தக்கது வெளியே இருக்கிறது. சுற்று முழுவதையும் நடந்தால் ஏறக்குறைய ஐயாயிரத்தைந்நூறு யார். தூரத்தால் இது பெரிய திடல் அன்று. ஆனால் ஒடுங்கிய புல்வழிகளின் இருபுறமும் சைப்பிரசும் ஊசியிலை மரங்களும் நெருங்கி நிற்கின்றன. பலமாக அடிப்பவனை மரங்கள் தண்டிக்கும். நிதானமாக அடிப்பவனை விட்டுவிடும். ஓடை குறுக்கிடும் இடங்களில் துணிவுள்ளவன் தாண்டியடிக்கலாம். அல்லாதவன் கரையில் நிறுத்தி மறுமுறை அடிக்கலாம். காற்று அடர்த்தி குறைந்த இவ்வுயரத்தில் பந்து தாழ்நிலத்தைவிடச் சற்றுத் தூரம் பறக்கும். கொழும்பில் அடித்துப் பழகியவர் முதல் நாளில் குழியைத் தாண்டி அடித்துவிட்டுத் தம் வலிமையை வியந்துகொள்வர். அவர் வலிமை கூடவில்லை என்பதைத் தடி சுமப்பவன் அறிவான், சொல்லமாட்டான்.

இத்தகைய அறிவு நூலிலிருந்து வருவதன்று. எந்தக் குழியருகே புல் மலைக்கு எதிராகச் சாய்ந்து வளர்கிறது, எந்த மேட்டில் மழைக்குப்பின் பந்து நிற்காது, மூடுபனி எப்போது பிதுருதலாகலைச் சரிவிலிருந்து இறங்கும் என்பவற்றை நாள்தோறும் அந்நிலத்தில் நடந்தவரே அறிவர். மூடுபனி இறங்கினால் பத்து யாருக்கு அப்பால் ஒன்றுந் தோன்றாது. அப்போது பந்தை அடித்தவர் ஒலியை மட்டும் கேட்டு நிற்பார். சுமப்பவன் நேரே நடந்து சென்று அதனை எடுப்பான். குழியைச் சூழ்ந்த நுண்புல் தளத்தை 'கிறீன்' என்பர். அதிலுள்ள புல் நகத்தின் உயரத்துக்குமேல் வளர இடங்கொடுத்தலாகாது. தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்காகப் பெய்யும் ஊரில், நாளுக்கு நாள் முளைத்தெழும் களையைப் பிடுங்கி, மண்புழு தள்ளிய மேட்டைக் கூட்டி, நீர் தேங்காது வாய்க்கால் வெட்டி அதனைக் காப்பது எளிதான வேலை அன்று. தேயிலை மலையில் களை பிடுங்குவோர் எவ்வாறு குனிவாரோ அவ்வாறே இங்கும் குனிய வேண்டும். புல்வெட்டும் பொறிக்கு மாட்டுக்குப் பதில் மோட்டார் வந்துவிட்டது. களைக்கு இன்னும் விரல்களே.

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த மக்கள், அடுத்த தேர்தலில் வாக்கின்றி நின்றனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குப் பகிர்ந்தது. நானுஓயா நிலையத்தில், தலைமன்னார் செல்லும் வழியில் பிரிந்தழுத குடும்பங்கள் எத்தனையோ. எஞ்சியோரின் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெருமளவிற் சீராயிற்று. இவ்வாண்டுகள் யாவற்றிலும் திடலின் புல் வெட்டப்பட்டே வந்தது. நிலத்தின்மீது எவர்க்கு உரிமை உண்டு, எவர்க்கு இல்லை என்னும் வழக்கு ஐம்பத்தைந்தாண்டு நடந்த நாட்டில், ஓர் அங்குலப் புல்லின் நெளிவையும் அறிந்தவர்கள் அவ்வழக்கில் எப்பக்கத்தில் நின்றார்கள் என்பதைப் பயணிகளின் கைந்நூல் ஏதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்நூல்களின் மதிப்பு குறைந்திராது.

சித்திரைப் பிறப்பை ஒட்டி நுவரெலியாவில் வசந்த காலம் கொண்டாடப்படும். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்கத் தாழ்நிலத்து மக்கள் திரண்டு வருவர். அக்காலத்தில் திடல் ஆட்டக்காரரால் நிறைந்திருக்கும். முன்னாளில் துரைமாரும் அதிகாரிகளுமே பெரும்பாலும் ஆடிய வெளியில் இன்று இலங்கையர் எல்லா இனத்தவரும் ஆடுகின்றனர். மைதானத்தை நன்கு பார்க்க விரும்புவோர்க்கு அந்நாட்களைவிடத் தை மாதமே ஏற்றது. கூட்டம் இராது, வானம் தெளிந்திருக்கும்.

தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகளில் அங்கு தரையில் உறைபனி படிவதுண்டு. ஞாயிறு எழுமுன் திடல் முழுவதும் உப்புத் தூவியது போல் வெண்மையாகத் தோன்றும். அப்போது எவரும் புல்லில் கால் வைக்கலாகாது. உறைந்த புல்லை மிதித்தால் அது உடைந்து, அடிச்சுவடு கருகிப் பல நாள் நிற்கும். ஆட்டக்காரர் கைகளை உரசிக்கொண்டு கழக முற்றத்தில் காத்திருப்பர். தடிப்பைகள் சுவரில் சாய்ந்து நிற்கும். திடலை ஒட்டிய தெருவில் மட்டும், கம்பளிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, மரக்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைத் துண்டுகளுக்கும் நகரின் ஹொட்டேல்களுக்கும் வேலைக்குச் செல்வோர் நடந்துகொண்டிருப்பர். சைப்பிரஸ் மரங்களின் நிழல் சுருங்கச் சுருங்க வெண்மை விலகிப் பச்சை தோன்றும். புல் வெட்டுபவர் ஒருவர் குனிந்து விரலால் தரையைத் தொட்டுப் பார்த்துக் கையசைத்த பின்னரே அன்றைய முதற் பந்து அடிக்கப்படும்.